சென்னையை ஒட்டிய சிறு பண்ணையில் முதல் மழையும் பனியும்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரியபாளையத்துக்கு உள்ளே, ஆரணியாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், எங்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர். முதல் ஆண்டு ஐப்பசி பிறந்தபோது அதில் இரண்டு கறவை மாடு, ஆறு ஆடு, அரைகுறையாக வேய்ந்த ஒரு கொட்டகை, ஒரு தார்ப்பாய். டிசம்பரில் முப்பது கோழிக்குஞ்சும் சேர்ந்தன. தை பிறந்தபோது ஒரு மாடு இல்லை. பதினொரு குஞ்சு இல்லை. மகனின் சீருடையில் வெள்ளையாக ஒரு சட்டை இல்லை. தார்ப்பாய் மட்டும் இருந்தது, நான்கு துண்டாக.

அம்பத்தூர் அடுக்குமாடியிலிருந்து நேரே இங்கே வந்தவர்கள் நாங்கள். கணவர் இன்னமும் நகரத்து வேலைக்குப் போய் வருகிறார். பண்ணையில் இருப்பது நான், மாமியார், பள்ளி நேரம் போக இரண்டு பிள்ளைகள். இதே போல வாரக் கடைசியில் நிலம் பார்த்து, அடுத்த ஆண்டே மாடு பிடித்து வந்துவிடும் குடும்பங்கள் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் நிறைய. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குளிர்காலம் என்று நான் சொல்வது ஐப்பசி முதல் தை வரை. ஊட்டிக்காரர்கள் சிரிக்கலாம். சென்னை வட்டாரத்தில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதன் பின்னாலேயே மார்கழிப் பனி. இந்த நான்கு மாத வேலையில் முக்கால்வாசியை மழைக்கு முன்னால், ஆவணி புரட்டாசியில் முடித்திருக்க வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

1. ஆவணியில் காகிதம்

மாட்டுக்குத் தீவனம் வாங்குவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். அதற்குள் இருக்க வேண்டியவை: பட்டா, சிட்டா (நிலத்தின் பரப்பையும் வகையையும் காட்டும் பதிவு), நடப்புப் பசலி அடங்கல் (இந்த வருவாய் ஆண்டில் என்ன பயிர் என்ற பதிவு), புலப்படம் (நில அளவை வரைபடம்), கிரயப் பத்திர நகல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், இரண்டு புகைப்படம். பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன், நெல் கொள்முதல், புயல் நிவாரணம் என எதற்குப் போனாலும் இந்தக் காகிதங்களைத்தான் வெவ்வேறு வரிசையில் கேட்பார்கள்.

பட்டாவையும் சிட்டாவையும் அரசின் இணையச் சேவையிலேயே எடுத்துக்கொள்ளலாம். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும். இங்கே நான் விழுந்த குழி பசலி. வருவாய்த் துறைக்கு ஆண்டு ஜூலை 1 அன்று பிறக்கிறது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. மே மாதம் வாங்கிய அடங்கலை நவம்பரில் நீட்டினால் அது போன பசலிக் காகிதம். அதில் உங்கள் சம்பா நெல் இருக்காது. நட்ட பிறகு அலுவலர் வந்து பார்த்து எழுதிய அடங்கல்தான் செல்லும். மழை தொடங்கிவிட்டால் அவருக்கு ஏரிக்கரைக் காவல், முகாம் ஏற்பாடு என்று வேலை குவிந்துவிடும். அப்போது போய் அவரைக் கோபித்துப் பயனில்லை, செப்டம்பரிலேயே போய்விடுங்கள்.

பத்திரம் பதிந்துவிட்டால் நிலம் நம் பெயருக்கு வந்துவிட்டது என்று நினைப்பது அடுத்த குழி. பட்டா மாற வேண்டும். முழுப் புல எண்ணையும் (சர்வே எண்) வாங்கியிருந்தால் வேலை எளிது. அதில் ஒரு பகுதி மட்டும், அதாவது உட்பிரிவு என்றால் நில அளவர் வந்து சங்கிலி பிடிக்க வேண்டும், எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்றவர்களின் ஒப்புதலையும் கேட்பார்கள். பட்டாவில் தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றாகவும் ஆதாரில் வேறாகவும் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். கணினி இந்த விஷயத்தில் யாருக்கும் இரங்குவதில்லை.

விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணையும் இந்த மாதமே பதிந்துவிடுங்கள். இலவசம்தான். ஆதாரோடு இணைத்த கைப்பேசியைக் கையில் வைத்திருங்கள், கடவுச்சொல் அதற்குத்தான் வரும். பிரதமரின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகைக்கு நீங்கள் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டாம். 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும், வருமான வரி கட்டுகிறவராகவும் இருக்கக் கூடாது. நகரத்திலிருந்து புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றில் அடிபட்டுப் போவார்கள்.

2. காதுவில்லை, தடுப்பூசி, காப்பீடு

எங்கள் மாடு போன கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மூன்றாவது வாரம், விடியற்காலை நான்கரை மணி. கொட்டகையின் சிமெண்டுத் தரையைப் பளிங்கு போல வழவழப்பாகப் பூசியிருந்தோம், கழுவ எளிதாக இருக்கும் என்று. இரவு முழுக்கச் சாரல். எழ முயன்ற மாட்டின் பின்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விரிந்துகொண்டன. அது மறுபடி எழவே இல்லை. ஆறு நாள் சாக்கு விரித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, வாயில் கஞ்சி ஊற்றிப் பார்த்தோம். ஏழாம் நாள் போயிற்று.

காப்பீடு இருந்தது. பணம் வரவில்லை. காதில் அடையாள வில்லை இல்லை. எப்போதோ வேலிக்கம்பியில் மாட்டிக் கழன்று விழுந்ததை, 'அப்புறம் போட்டுக்கொள்ளலாம்' என்று விட்டிருந்தேன். மாட்டுக் காப்பீட்டில் எல்லா நிறுவனத்துக்கும் ஒரே சட்டம்: வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை. இறந்தது அதே மாடுதான் என்று ஊரே சாட்சி சொன்னாலும் எடுபடாது.

ஆகவே மாடு வாங்கிய வாரமே 12 இலக்க எண் கொண்ட காதுவில்லையைக் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். கீழே விழுந்தால் அன்றைக்கே புதியதைப் போட்டு, புது எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ரசீது வாங்குங்கள். காப்பீடு எடுக்கக் கால்நடை மருத்துவரின் உடல்நல, மதிப்புச் சான்றும், வில்லை தெரியும்படி மாட்டின் படமும் வேண்டும். எடுத்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் நோயால் இறந்தால் ஈடு கிடைக்காது. மழை வந்தபின் எடுப்பதில் அதனால்தான் அர்த்தமில்லை. புரட்டாசிக்குள் எடுங்கள்.

தடுப்பூசியில் கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசே வீடு தேடி வந்து இலவசமாகப் போடுகிறது. மழைக்கு முன்னால் மாட்டுக்குத் தொண்டை அடைப்பானும் சப்பை நோயும், ஆட்டுக்குத் துள்ளுமாரியும் ஆட்டுக்கொல்லியும் போட்டாயிற்றா என்று மருந்தகத்தில் கேளுங்கள். ஆட்டுக்குக் குடற்புழு நீக்க மருந்தும் அப்போதே. போட்ட தேதிகளை எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரின் அட்டையில் எழுதிவைக்கிறோம், தாளில் எழுதினால் கிழித்துவிடுவோம். மழை இரவில் மாடு படுத்துவிட்டால் 1962 எண்ணை அழையுங்கள், நடமாடும் கால்நடை ஊர்தி அதில்தான் வரும்.

3. தரை, கூரை, வடிகால்

வழவழப்பான தரை வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் கொத்தனாரை வைத்து அரை அங்குல ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டுங்கள். எங்களுக்கு ஒரு நாள் கூலியோடு முடிந்தது. ரப்பர் விரிப்பு ஒன்று 2,200 ரூபாய்க்கு வாங்கினோம். சினையாக இருக்கும் மாட்டுக்கு மட்டுமாவது அது வேண்டும். தரை சிறுநீர்க் கால்வாயை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

கூரை ஓலையாக இருந்தால் மாற்றுவதை ஆவணியில் செய்யுங்கள். புரட்டாசிக் கடைசியில் கீற்று வேய ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. தகரக் கூரை என்றால் நான்கு மூலையிலும் கம்பி இழுத்துத் தரையில் முளையடித்துக் கட்டுங்கள். கொட்டகை மேல் சாய்ந்திருக்கும் முருங்கைக் கிளையை மனசு கேட்காவிட்டாலும் வெட்டிவிடுங்கள். காற்றில் முதலில் முறிவது அதுதான்.

வடிகால் பற்றிச் சண்டை வரும், தயாராக இருங்கள். உங்கள் நிலத்து நீர் வெளியேறும் வாய்க்கால் பக்கத்து நிலத்தின் ஓரமாகத்தான் போகும். அவர்கள் அதை வரப்போடு சேர்த்து வெட்டியிருப்பார்கள். பக்கத்து நிலத்துப் பெரியவரிடம் நான் முதல் ஆண்டு புலப்படத்தை நீட்டி வாதாடினேன். "தண்ணிக்குப் படம் பார்க்கத் தெரியாதும்மா" என்றார். இரண்டாம் ஆண்டு ஆவணியில் இரண்டு ஆள் கூலியை நானே கொடுத்து அவர் பக்கத்தையும் சேர்த்துத் தூர்வாரினேன். பேச்சே எழவில்லை, தீபாவளிக்கு அதிரசம்கூட வந்தது.

4. வைக்கோல், வரட்டி, விறகு

மூன்றும் ஈரமானால் மூன்றும் குப்பை. செப்டம்பரில் ஒரு வைக்கோல் கட்டை 120 ரூபாய்க்கு வாங்கினோம், அதே கட்டு நவம்பரில் 200. ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஐந்தாறு கிலோ வைக்கோல் என்று கணக்கு வைத்து, தை அறுவடை வரைக்கும் வேண்டியதை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். வைக்கோல் போரை வெறுந்தரையில் போடாதீர்கள். கருங்கல் அடுக்கி, மேலே பனஞ்சட்டம் பரப்பி, ஒன்றரை அடி உயரத்தில் போடுங்கள். தார்ப்பாயை இழுத்து மூடும்போது பக்கவாட்டில் காற்றுப் போக இடம் விடுங்கள். முழுக்க மூடிக் கட்டிய எங்கள் போர் உள்ளே புழுங்கிக் கறுத்துவிட்டது. பூஞ்சை பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடாதீர்கள், எருக்குழியில் போடுங்கள்.

மழைக்குத் தளதளவென்று முளைக்கும் புல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் நீர்தான் மிகுதி. அதை மட்டும் தின்றால் மாடு கழியும், வயிறு உப்பும். வைக்கோலோடு கலந்தே போடுங்கள்.

வரட்டி தட்டுவது புரட்டாசியோடு நின்றுவிடும். என் மாமியார் ஆடியிலேயே தொடங்கி முந்நூறு தட்டிக் காயவைத்து அடுக்கிவிடுவார். வெந்நீருக்கும், சாயங்காலம் கொட்டகையில் வேப்பிலையோடு சேர்த்துக் கொசுப் புகை போடவும் அது வேண்டும். வேலிகாத்தான் விறகையும் தென்னை மட்டையையும் திண்ணை ஓரம் ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கிவிடுங்கள். எரிவாயு உருளை வரும் சாலை மூழ்கும் நாட்களும் உண்டு.

5. பயிர்க் காப்பீடு

சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டிய பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 500 ரூபாயை ஒட்டித்தான் வரும். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில். மாவட்டத்துக்கு மாவட்டம் அறிவிப்பு மாறும் என்பதால் வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'நீட்டிப்பார்கள்' என்று தேநீர்க் கடையில் சொல்வார்கள். சில ஆண்டு நீட்டியிருக்கிறார்கள்தான். ஆனால் கடைசி நாளில் பொது சேவை மையத்தின் இணையம் படுத்துவிடும், வாசலில் மழையும் பெய்யும். அக்டோபர் கடைசியில் கட்டிவிடுங்கள்.

உங்கள் வயல் மட்டும் பாழானால் பணம் வரும் என்று எண்ண வேண்டாம். அறிவிக்கை செய்த பகுதி முழுவதற்கும் பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, சராசரி மகசூல் குறைந்தால்தான் இழப்பீடு. அறுத்துக் காய விரித்த நெல் 14 நாளுக்குள் புயல் மழையில் நனைவது போன்ற சில இழப்புகளைத்தான் தனி வயலாகப் பார்ப்பார்கள். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியிருக்க வேண்டும். 14447 என்ற எண்ணில் சொல்லலாம். சொன்ன நேரத்தைக் குறித்துவையுங்கள்.

6. புயல் அறிவித்த அன்று

கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை, கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை என்பார்கள். பழமொழி சொல்வது கார்த்திகை மாதத்தை. நம்மவர்கள் தீபத் திருநாளோடு முடித்துக்கொண்டு தார்ப்பாயை மடித்துவிடுகிறார்கள். வார்தா புயல் வந்தது 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம். இரண்டும் கார்த்திகைக்குள்தான். 2021 ஜனவரியில் மார்கழியும் சேர்ந்து பெய்து, முற்றிய கதிரைப் பல மாவட்டங்களில் சாய்த்தது. பழமொழியையும் முழுக்க நம்ப வேண்டாம்.

காற்று தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியதில் முதலிடம் தண்ணீருக்கு. மின்சாரம் மூன்று நாள் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கறக்கும் மாடு ஒன்றுக்கு நாளைக்கு 50, 60 லிட்டர் வேண்டும். தொட்டி, அண்டா, துணி ஊறவைக்கும் வாளி வரை எல்லாவற்றையும் நிரப்புங்கள். மோட்டார் அறையின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் அருகே போகாமல் மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கொட்டகைக்குள் நீர் ஏறும் என்று தோன்றினால் மாட்டைக் கட்டிவைத்துவிட்டு உறங்கப் போகாதீர்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டால் அது மேட்டைப் பார்த்துத் தானே போய்விடும். ஆடுகளுக்கு அந்தச் சமர்த்து கிடையாது, நனைந்தபடி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். எங்கள் ஆறு ஆடும் புயலடித்த இரண்டு இரவையும் வீட்டு நடையில்தான் கழித்தன. மாமியாரின் ராமாயணப் புத்தகத்தில் சுந்தர காண்டம் பாதி அவற்றின் வயிற்றில் இருக்கிறது.

பால் வண்டி வராது. கன்றுக்குக் கூடுதலாக விடுங்கள், மிச்சத்தை உறையூற்றி வெண்ணெய் எடுங்கள். கறக்காமல் மட்டும் விடாதீர்கள், மடி கட்டிக்கொள்ளும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. சென்னையில் வெயில் அடிக்கும்போதும் நம் சாலை மூழ்கலாம். ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணியாற்றில் வெள்ளம் வரும், பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலையாற்றில் வரும், தரைப்பாலங்கள் மறைந்துவிடும். வேலைக்குப் போனவர் ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்பார். என் கணவர் ஒருமுறை தங்கை வீட்டில் மூன்று நாள் தங்கினார், மச்சானின் வேட்டியோடு அலுவலகம் போக முடியாமல். மாற்றுத் துணி ஒரு செட் நகரத்து உறவினர் வீட்டில் நிரந்தரமாக இருக்கட்டும்.

7. பிள்ளைகள்

மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர்கள் தனித்தனியாக அறிவிக்கிறார்கள். எங்கள் வீடு திருவள்ளூர் மாவட்டம், மகனின் பள்ளி மாதவரம், அது சென்னை மாவட்டம். முதல் ஆண்டு, 'திருவள்ளூருக்கு விடுமுறை' என்று தொலைக்காட்சியில் பார்த்துப் படுத்துவிட்டோம். அன்று அவனுக்குத் தேர்வு. பள்ளி எந்த மாவட்டம் என்று பாருங்கள். நாம் இருக்கும் மாவட்டத்தில் விடுமுறை, பிள்ளையை அனுப்ப வழியில்லை என்றால் அதற்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் பள்ளியில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சீருடை மூன்று செட் வேண்டும். துணி உலர இரண்டு நாள் ஆகும். ஆளுக்கொரு கம்பூட்ஸ் வாங்குங்கள், காலில் சிறு கீறல் இருந்தாலும் சேற்றில் வெறுங்காலோடு விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. போட்டுக்கொள்ளும் முன் கம்பூட்ஸைத் தலைகீழாக உதற வேண்டும் என்பதையும் பழக்குங்கள், உள்ளே தேள் இருக்கலாம், தவளை இருக்கலாம்.

முட்டை எடுப்பது மகளின் வேலை. டார்ச் அடித்துப் பார்க்காமல் அடைகூடைக்குள் கைவிடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மீற முடியாத சட்டம். மழைக்குப் பாம்பு வைக்கோல் போருக்கும் கோழிக் கூட்டுக்கும்தான் வரும். கடித்துவிட்டால் இறுகக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் 108 ஊர்தியில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். அருகில் எந்த மருத்துவமனையில் அந்த மருந்து இருப்பு இருக்கிறது என்பதை மழைக்கு முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

8. மார்கழி

மழை விட்டதும் உடம்பு இளகும். அப்போதுதான் பனி பிடிக்கும்.

குஞ்சுகளை நான் கொன்றது இப்படித்தான். மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கும் தைரியத்தில், அந்தப் பக்கம் போய் டிசம்பர் முதல் வாரத்தில் முப்பது குஞ்சு வாங்கி வந்து, அட்டைப் பெட்டியில் ஒரு விளக்கோடு வைத்தேன். விளக்கு அழகுக்காக ஒளிர்ந்தது, அவ்வளவுதான். இரவெல்லாம் அவை கீச்கீச்சென்றதைப் பசி என்று நினைத்தேன். காலையில் ஒரே குவியல். அடியில் இருந்தவை மூச்சடைத்துச் செத்திருந்தன.

முதல் வாரம் குஞ்சுக்கு வேண்டிய வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் அளவில். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுக்கு 2 வாட் என்று வையுங்கள், முப்பதுக்கு 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. விளக்கில் சூடு வராது, அதுதான் என் தவறு. வெப்பமானி வேண்டியதில்லை. விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு, பரவலாக மேய்ந்தால் சரி. மின்சாரம் போனால் சட்டியில் கரித்தணலைப் போட்டு மேலே சல்லடை கவிழ்த்து நடுவில் வையுங்கள், காற்றுப் போக வழி விட்டு.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்து 7ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் ஊசி. மருந்துக் குப்பியைப் பனிக்கட்டியோடு கொண்டுவந்து, கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். குப்பியில் நூறு கோழிக்கு வரும், ஆகவே தெருவையே கூப்பிட்டுவிடுங்கள். பெரிய கோழிகள் மார்கழியில் முட்டை குறைத்தால் நோய் என்று பதற வேண்டாம். பகல் பொழுது 11 மணி 20 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது, அவற்றுக்கு 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும். விடியலுக்கு முன் மூன்று மணி நேரம் விளக்குப் போட்டால் தேறிவிடும்.

ஆட்டைப் பனி காய்வதற்கு முன் அவிழ்க்காதீர்கள். ஈரப்புல்லின் நுனியில் குடற்புழுக்களின் குஞ்சுகள் ஏறி நிற்கும். ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் மேய்ச்சல். அதுவரை அகத்திக் கொத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

கறந்த உடனே மாடு ஈரத்தரையில் படுத்தால் மடிநோய் வரும். காம்புத் துளை மூட அரை மணி ஆகும், அதுவரை தீவனம் போட்டு நிற்கவையுங்கள். மடி சூடாக, கல் போல் இருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிவிட்டு நாளைக்கு எட்டுப் பத்து முறை தடவலாம். எங்கள் மிச்ச மாட்டுக்கு இது கேட்டது.

போகியன்று கொட்டகைக்குக் காற்று வரும் திசையில் பழைய பாயைக் கொளுத்தாதீர்கள். டயரை எந்தத் திசையிலும் கொளுத்தாதீர்கள்.

9. சேதமானால்

மாடு, ஆடு புயல் வெள்ளத்தில் இறந்தால் அவசரப்பட்டுப் புதைத்துவிட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரும் கால்நடை மருத்துவரும் பார்க்க வேண்டும். அவர்கள் வரமுடியாத சூழல் என்றால் காதுவில்லை தெரிய, தேதி பதியப் படம் எடுத்து, தொலைபேசியில் சொல்லிவிட்டுப் புதையுங்கள். மிக்ஜாமுக்குப் பின் அரசு அறிவித்த நிவாரணம் மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, நீர்ப்பாசனப் பயிர் 33 சதவீதத்துக்கு மேல் பாழானால் ஹெக்டேருக்கு 17,000. ஹெக்டேர் என்பதைக் கவனியுங்கள், ஏக்கருக்கு அதில் ஐந்தில் இரண்டு பங்குதான். பணம் வங்கிக் கணக்குக்கே வரும், ஆதார் இணைப்பு அறுந்திருந்தால் அங்கேயே நிற்கும்.

10. தை: அறுவடையும் கொள்முதலும்

ஈரவயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, செயின் வண்டிதான். எங்களுக்கு மணிக்கு 2,500 ரூபாய் கேட்டார்கள். பொங்கலை ஒட்டி எல்லார் வயலும் ஒரே நேரத்தில் முற்றும், ஆகவே மார்கழி பாதியிலேயே வண்டிக்குச் சொல்லிவைத்து முன்பணம் கொடுங்கள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு இணையத்தில் முன்பதிவு உண்டு. ஆவணம் அதே பிளாஸ்டிக் உறைதான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். மார்கழிக் காலையில் அறுத்த நெல் 20, 22 என்று காட்டும். பனி காய்ந்த பிறகு, பதினொரு மணிக்கு மேல் அறுங்கள். களத்தில் தார்ப்பாய் மேல் இரண்டு வெயில் காயவைத்து, மணிக்கொருமுறை காலால் கோலம் போடுவது போலக் கிளறிவிடுங்கள். ஒரு நெல்லைக் கடித்துப் பாருங்கள், மசிந்தால் ஈரம், 'டக்' என்று உடைந்தால் வண்டியில் ஏற்றலாம். மூட்டை 40 கிலோ. எடை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

சாயங்காலமானதும் களத்து நெல்லை நடுவில் குவித்து மூடிவிட வேண்டும், விட்டால் ராத்திரிப் பனியில் பகல் வெயில் அத்தனையும் வீண். இந்த வேலைக்கு நல்ல தார்ப்பாய் இரண்டு தேவை. கிழிந்ததைக் கோழிக் கூட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.